நூற்றிருபது வாக்கியங்கள்

ஏப்ரல் 3, வியாழன்

பேசுவதைக் குறைத்துக்கொண்டு எழுது என்று என் கணவர் கொடுத்த டைரி இது. அவருடைய காப்பீட்டு அலுவலகத்தில் ஆங்கில வருடப் பிறப்புக்குக் கிடைத்தது, மூன்று மாதம் அலமாரியில் தூங்கியது. தொண்டை கட்டியிருக்கிறது, அவ்வளவுதான். பத்து நாளாக. ஆய்வகத்து ஏசி அப்படி.

வசந்தாமணி இன்று எழுபத்தெட்டு சதவீதம் வாங்கினார். சென்ற முறை எழுபத்தொன்று. பரமேஸ்வரன் சார் அறைக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் எழுந்து நின்றார். ஒன்பது வருடமாக இந்த ஆய்வுக்கு அவர்தான் தலைவர். நான் வந்து எதையாவது சொல்லி அவர் எழுந்து நின்றது இதுதான் முதல் தடவை.

டைரி என்றால் எல்லாவற்றையும் எழுத வேண்டுமாம். எழுதுகிறேன். வசந்தாமணிக்கு நாற்பத்தாறு வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. நாற்பதில் வந்த மூளைக்காய்ச்சல் இரண்டு காதையும் கொண்டுபோய்விட்டது. மூன்று வருடம் முன்பு உள்காதில் கருவி வைத்தார்கள். அந்தக் கருவி பேச்சை மின்துடிப்புகளாக மாற்றி நேராக நரம்புக்கு அனுப்புகிறது. சொல் புரியும், குரல் புரியாது. ஆணா பெண்ணா, கோபமா கேலியா, எல்லாம் தகர டப்பாச் சத்தம். நான்கு பேர் பேசும் இடத்தில் ஒருவரைத் தனியாகப் பிரித்துக் கேட்க முடியாது. கருவிக்குள் ஏற்றும் கணக்கை நாங்கள் மேப் என்போம். குரலின் ஏற்ற இறக்கம், கரகரப்பு, மென்மை எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புகிற ஒரு மேப்பைச் செய்யத்தான் என் ஒன்பது வருடமும் போனது. ஜனவரியில் அதை வசந்தாமணிக்கு ஏற்றினோம். பழைய மேப்பில் அவர் நாற்பத்துநாலைத் தாண்டியதே இல்லை.

ஜூன் இரண்டாம் தேதி, காது கேளாதோர் பள்ளியில் பதினோரு குழந்தைகளுக்கு இதே மேப்பை ஏற்றப்போகிறோம். மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரை. ஒரு வருடம் அவர்கள் பேசக் கற்பது இதை வைத்துத்தான். மே முப்பதுக்குள் என் கையெழுத்துப் போட்ட கடிதம் போக வேண்டும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

சிலிண்டர் கொண்டுவந்தவர் கீழேயிருந்து போன் செய்தார். "சார், வீட்ல லேடீஸ் யாராச்சும் இருக்காங்களா?" என்றார். இருக்கிறார்கள் என்றேன்.

பனங்கற்கண்டு தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி, வடை. என் கணவர் தொண்டை டாக்டரிடம் நேரம் வாங்கி வைத்திருக்கிறார், இது மூன்றாவது தடவை. பள்ளிக் குழந்தைகள் விஷயம் முடியட்டும் என்றேன். அவர் வடையை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். சண்டை போட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

ஏப்ரல் 17, வியாழன்

இன்று ஒரு சின்ன விஷயம் நடந்தது.

சோதனை இப்படி: ஒலிபுகா அறையில் வசந்தாமணி. எதிரில் ஒலிபெருக்கி. சந்தை இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண் குரல் வாக்கியம் வாக்கியமாகச் சொல்லும். "அத்தை கொல்லையில் துணி காயப்போட்டாள்." "கடைசிப் பேருந்து நிரம்பி வழிந்தது." கேட்டதை அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் சொற்களை எண்ணுவேன். எண்ணி முடித்ததும் சரியான வாக்கியத்தைத் திரையில் காட்டுவேன். அப்படிக் காட்ட வேண்டும் என்று விதி இல்லை. காட்டக் கூடாது என்றுதான் விதி. ஆனால் ஒருவர் இரண்டு மணி நேரம் இருட்டில் தடவுகிற மாதிரி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு மனம் வராது. வாக்கியங்களின் குரல் என்னுடையது. ஆறு வருடம் முன்பு பதிவு செய்தது.

ஆறாவது வாக்கியத்தில் பேச்சு வருகிற ஒயர் கழன்றிருந்தது. என் திரையில் பேச்சுக்கான கோடு படுத்தே கிடந்தது. அறைக்குள் போனது சந்தை இரைச்சல் மட்டும்.

வசந்தாமணி, "பால்காரர் இன்று தாமதமாக வந்தார்" என்றார். ஆறாவது வாக்கியம் அதுதான்.

ஏழாவதையும் சொன்னார்.

ஒயரைச் செருகினேன். எண்பத்தொன்று என்று எழுதினேன்.

ஏப்ரல் 18, வெள்ளி

பக்கத்து ஒயரிலிருந்து பேச்சு கொஞ்சம் கசிந்திருக்கலாம். அப்படி நடப்பது உண்டு.

ஏப்ரல் 19, சனி

கசியவில்லை. ஆய்வகத்துக்குப் போய் அளந்து பார்த்தேன். விடுமுறையில் எதற்கு வந்தீர்கள் என்று காவலாளி கேட்டார். கண்ணாடியை மறந்துவிட்டேன் என்றேன். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது.

ஏப்ரல் 24, வியாழன்

சிறுவாணித் தண்ணீர் பத்து நாளைக்கு ஒரு தடவை என்று ஆகிவிட்டது. மாடித் தொட்டியை நிரப்ப ஒரு காலை போகிறது.

ஆய்வில் இருக்கிற மற்ற ஐந்து பேர் மார்ச்சில்தான் சேர்ந்தார்கள். அவர்களுடைய மதிப்பெண் அசையவே இல்லை. மேப்புக்குப் பழக நான்கு மாதமாவது வேண்டும், வசந்தாமணியைப் பாருங்கள் என்று நான்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்த ஆய்வு மொத்தமும் ஒரே ஒரு பெண்மணியின் தலையில் உட்கார்ந்திருக்கிறது.

மே 1, வியாழன்

மே தின விடுமுறை. வசந்தாமணி அடுத்த வாரம் வருவார். இரண்டு வாளித் துணி துவைத்தேன். அப்பாவுக்குத் திதி பதினைந்தாம் தேதி. ஐயருக்குப் போன் செய்ய வேண்டும். என் கணவரைச் செய்யச் சொன்னேன், போனில் என் குரலைக் கேட்டால் ஆள் மாறிப் பேசுகிறார்கள். தொண்டைக் கட்டு இன்னும் போகவில்லை. பத்து நாளாக இருக்கிறது.

மே 8, வியாழன்

பட்டியலின் வரிசையைக் கலைத்துப் போட்டேன். எண்பத்தொன்று வாங்கியவர் அறுபத்தொன்றுக்கு இறங்கினார். வாக்கியம் பாதி ஒலிக்கும்போதே சில இடங்களில் பதில் சொல்லிவிட்டார். கடைசியில் பேச்சை முழுக்க அணைத்துவிட்டு இரைச்சலை மட்டும் விட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாக்கியத்தை அழகாகச் சொன்னார்.

கதவைத் திறந்து உள்ளே போய் எதிரில் உட்கார்ந்தேன். உதட்டைப் பார்த்தால்தான் அவருக்கு முழுதாகப் புரியும். எதுவும் ஒலிக்கவில்லையே, எப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவருக்குக் கொஞ்சம் கூடத் தடுமாற்றம் இல்லை. பையைத் திறந்து எண்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பன்னிரண்டு பட்டியல், நூற்றிருபது வாக்கியம், வரிசை மாறாமல், குண்டு குண்டு எழுத்தில். நான் திரையில் காட்டியதை மனதில் வாங்கிப் போய்த் திருப்பூர் பேருந்தில் எழுதியிருக்கிறார். செப்டம்பரிலிருந்து.

"பரிச்சைன்னா படிச்சுட்டுத்தானுங்க வரோணும்?" என்றார். "தெனம் காத்தால அஞ்சு மணிக்கு எந்திரிச்சு மனப்பாடம் பண்ணுவேனுங்க. எம் பையன் கூட இப்படிப் படிச்சதில்லீங்க."

யாரும் அவரிடம் படிக்கக் கூடாது என்று சொல்லவில்லை. நான் சொல்லவில்லை. நாங்கள் இருவரும் மதிப்பெண் என்ற சொல்லைத்தான் பயன்படுத்தினோம்.

கோபப்படப் பார்த்தேன், வரவில்லை. ஏன் இவ்வளவு பாடுபட்டீர்கள் என்று மட்டும் கேட்டேன். அவர் என் கையைப் பார்த்தார்.

"மொதல்ல எல்லாம் நான் தப்பாச் சொன்னா நீங்க பேனாவைக் கீழ வெச்சுருவீங்க. அதைப் பாத்தா எனக்கு என்னமோ மாதிரி ஆயிருமுங்க. பாவம், இந்த மேடம் நமக்காக இத்தன பாடு படறாங்க, நாம ஏமாத்தக் கூடாதுன்னு நெனச்சேனுங்க."

நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். டீ வரவழைத்தேன். அவர் இரண்டு டம்ளர் குடித்தார்.

மே 9, வெள்ளி

நேற்று எழுதியதைப் படித்தேன். பழியை அவர் தலையில் இறக்கிவைத்த மாதிரி இருக்கிறது.

மீதியையும் எழுதிவிடுகிறேன். நூற்றிருபது வாக்கியமும் டிசம்பரோடு தீர்ந்துவிட்டன. புதியவை பதிவு செய்த பிறகுதான் புதிய மேப்பைச் சோதிக்க வேண்டும் என்பது நானே எழுதிய விதி. பதிவேட்டில் 'ஒலிப்பதிவு அறை பழுது, பழைய பட்டியல்களே மீண்டும்' என்று எழுதியிருக்கிறேன். ஒலிப்பதிவு அறைக்கு ஒரு பழுதும் இல்லை. சாவி என் மேசையில்தான் இருக்கிறது.

புதிய மேப் ஜனவரியில் ஆரம்பித்தது. பழைய வாக்கியங்கள் திரும்ப வந்ததும் ஜனவரியில்தான். ஏறியது மேப்பின் மதிப்பெண்ணா, நோட்டின் மதிப்பெண்ணா என்று சொல்ல இப்போது ஒரு வழியும் இல்லை.

மே 12, திங்கள்

சாரிடம் சொன்னேன். நான் அழுவேன் என்று நினைத்திருப்பார் போல, டிஷ்யூ பெட்டியைத் தள்ளி வைத்தார். அழ எனக்குத் தெம்பில்லை. அவர் கெட்டவர் இல்லை, ஓய்வு பெற இரண்டு வருடம்தான் இருக்கிறது. "பழக்க விளைவுன்னு ஒரு அடிக்குறிப்பு போட்டுடலாம்மா. குழந்தைங்களுக்கு இதனால கெடுதல் ஒண்ணும் வராதே" என்றார். வராது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். எங்கள் மேப் மின்துடிப்புகளை இரண்டு மடங்கு நெருக்கமாக அனுப்புகிறது. பலன் இல்லையென்றால் அது வெறும் இரைச்சல். பேசக் கற்கிற வயதில் ஒரு வருட இரைச்சல்.

அவர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு, அப்படியானால் புது வாக்கியம் பதிவு செய்து திரும்பச் சோதித்துவிடு, உன்னால் முடியாவிட்டால் மாணவி யாராவது பேசட்டும் என்றார். உன்னால் முடியாவிட்டால் என்பதை அவர் எனக்கு நோகாமல்தான் சொன்னார்.

மாணவி பேச முடியாது. வசந்தாமணி எட்டு மாதமாகக் கேட்டது என் குரலை. வேறு குரலில் மதிப்பெண் இறங்கினால், குரல் மாறியதால் இறங்கியது என்று சாரே சொல்லிவிடுவார். நானும் சொல்லிக்கொள்வேன். எனக்கு என்னைத் தெரியும்.

மே 13, செவ்வாய்

சாவியை எடுத்துக்கொண்டு ஒலிப்பதிவு அறைக்குப் போனேன். மைக்கைச் சரிபார்க்க மூன்று விநாடி 'ஆ' என்று சொல்ல வேண்டும். குரல் எவ்வளவு சீராக இருக்கிறது என்று கணினி ஓர் எண் கொடுக்கும். ஒன்றுக்குக் கீழே இருந்தால் நலம். வருடா வருடம் மாணவர்களுக்கு நடத்துகிற பாடம், ஒன்றைத் தாண்டினால் உடனே டாக்டரிடம் அனுப்புங்கள் என்று கரும்பலகையில் எழுதிப் போடுவேன்.

எண்ணை இங்கே எழுதவில்லை.

வாக்கியம் எட்டு பதிவு செய்தேன். "மாடியில் தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டது." "வண்டிக்காரர் கொய்யாப்பழம் கொண்டுவந்தார்." குரல் மேலே ஏற வேண்டிய சொற்களில் உடைகிறது. நிறுத்தி, வெந்நீர் குடித்து, மறுபடியும்.

மே 15, வியாழன்

அப்பாவின் திதி. அவர் கடைசி ஏழு மாதம் சிலேட்டில் எழுதித்தான் பேசினார். அவருக்கும் முதலில் தொண்டைக் கட்டு என்றுதான் சொன்னோம்.

இன்று பன்னிரண்டு வாக்கியம்.

மே 17, சனி

நாற்பதும் முடிந்தது. ஆறு வருடம் முன்பு பதிவு செய்த குரலையும் இதையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டேன். முதலில் ஒரு பெண். அடுத்தது யாரோ சாக்குத் துணியை இழுத்துக்கொண்டு போகிற மாதிரி. எனக்குப் பயமாக இருந்தது. அதை எழுதிவிட்டேன், இனி அடிக்க முடியாது.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் அந்த டாக்டர் நேரத்தைப் பற்றிக் கேட்கலாம் என்று இருந்தேன். அவர் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கவில்லை.

மே 22, வியாழன்

வசந்தாமணியிடம் இன்று வாக்கியங்கள் எல்லாமே புதுசு, படித்திருக்க முடியாது, தப்பாகச் சொன்னால் தப்பே இல்லை என்று மூன்று தடவை சொன்னேன். திரையை அணைத்துவைத்தேன். பேனாவுக்குப் பதில் கணினியிலேயே குறித்துக்கொண்டேன், கை கீழே போகக் கூடாது என்று.

இருபது வாக்கியம் பழைய மேப்பில். நாற்பத்துமூன்று சதவீதம்.

இருபது வாக்கியம் என் மேப்பில். நாற்பத்திரண்டு சதவீதம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். சிரித்தேன். நன்றாகத்தான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

சோதனை முடிந்ததும் ஒரு கேள்வித்தாள் உண்டு. ஒவ்வொரு முறையும் ஒரே ஆறு கேள்வி. நான்காவது, 'குரலில் ஏதாவது வித்தியாசம் தெரிந்ததா?' குரலும் புதுப் பதிவு என்பதை அவரிடம் சொல்லியிருக்கவில்லை. உள்ளே போய் எதிரில் உட்கார்ந்து கேட்டேன்.

"இல்லீங்க. அதே குரல்தானுங்க. எட்டு மாசமாக் கேக்கறேன், எனக்குத் தெரியாதுங்களா? துளி கூட மாத்தமில்லீங்க."

வாக்கிய மதிப்பெண்ணை விட்டுத்தள்ளலாம், அதற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். இதற்குச் சொல்ல முடியாது. குரலின் கரகரப்பைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காகவே செய்த மேப் அது. அந்த இரண்டு குரலும் அவருக்கு ஒரே குரல். இல்லை என்று கட்டத்தில் எழுதினேன். ஒன்பது வருடம் அந்த ஒரு சொல்லில் முடிந்துபோனது.

ஆனால் உண்மையைச் சொன்னால், அந்த நிமிடம் எனக்கு நிம்மதியாகவும் இருந்தது. சிலிண்டர்காரருக்கு நான் சார். என் கணவர் நான் பேசும்போதெல்லாம் டிவியைப் பார்க்கிறார். இந்த உலகத்தில் ஒரே ஒருவர் காதில் மட்டும் நான் இன்னும் பழைய குரலில் பேசிக்கொண்டிருக்கிறேன்.

அப்படி நினைத்துக்கொண்டு கேள்வித்தாளை மடித்தபோது அவர் என் கழுத்தைக் காட்டினார்.

"கொரல் அப்படியேதான் இருக்குதுங்க. ஆனா மேடம், பொங்கல்ல இருந்து நீங்க பேசறப்ப கழுத்தைப் புடிச்சுக்கறீங்க. வலிக்குதுங்களா?"

என் இடது கை அங்கேதான் இருந்தது. எடுக்க மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

வலிக்கிறது என்றேன். யாரிடமும் சொன்னதில்லை. அவர் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். திருப்பூர் பேருந்து ஒன்று போனது. அடுத்ததில் போய்க்கொள்கிறேன் என்றார்.

மே 23, வெள்ளி

பள்ளிக்குக் கடிதம் எழுதினேன். புதிய மேப்பால் பலன் இருப்பதாக நிறுவ முடியவில்லை, குழந்தைகள் பழைய மேப்பிலேயே தொடரட்டும். பதிவேட்டில் ஜனவரிப் பக்கத்தைத் திருத்தினேன்: 'ஒலிப்பதிவு அறை பழுது இல்லை. பதிவு செய்யாதது நான்.' தேதியும் கையெழுத்தும் போட்டேன். சார் இரண்டையும் படித்தார், அவரும் கையெழுத்துப் போட்டார். அப்புறம் எழுந்துபோய் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிவைத்தார்.

மே 25, ஞாயிறு

தண்ணீர் வரும் நாள். வரவில்லை.

தொண்டை வலிக்கிறது என்று என் கணவரிடம் சொன்னேன். டிவியை அணைத்தார். நான் பேசும்போது ஏன் டிவியைப் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். "உன் முகத்தைப் பாத்துட்டு அந்தக் குரலைக் கேக்க முடியல" என்றார். உள்ளே போய் நான்காவது தடவையாக நேரம் வாங்கினார்.

மே 30, வெள்ளி

தொண்டை டாக்டரின் கிளினிக். டோக்கன் பதினேழு. பன்னிரண்டுதான் உள்ளே போயிருக்கிறது. டைரியைக் கையோடு கொண்டுவந்தேன், பேச வேண்டாம் பாருங்கள் என்று என் கணவரிடம் சொல்லிவிட்டு. அவர் என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

காலையில் வசந்தாமணி செய்தி அனுப்பியிருந்தார். நோட்டை எடைக்குப் போட்டுவிட்டாராம். அடுத்த வியாழன் வரலாமா, இந்தத் தடவை படிக்காமல் வருகிறேன் என்று கேட்டிருந்தார். வாருங்கள் என்று பதில் போட்டேன்.

வரவேற்பில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், வயது, முகவரி. தொந்தரவு என்ன என்ற இடத்தில் குரல் என்று எழுதினேன். எவ்வளவு காலமாக என்று அடுத்த கேள்வி. கை தன்பாட்டுக்குப் பத்து நாள் என்று எழுதிவிட்டது.

அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினேன்: பொங்கலிலிருந்து.